ஒலி ஆய்விலிருந்து தனித்தொழிலாக ஒலி வடிவமைப்புக்கு: மாறி வருவோருக்கான வழிகாட்டி

ஒலியியல் ஆய்வகத்திலோ பேச்சுத் தொழில்நுட்பக் குழுவிலோ சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, திரைப்படத்துக்கும் இணையத் தொடருக்கும் கணினி விளையாட்டுக்கும் ஒலி அமைக்கும் தனித்தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு ஆண்டுகள் அறை ஒலியியலில் ஆய்வு செய்துவிட்டுச் சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். ஆய்வை முடிந்துபோன ஒரு கதையாக எண்ணி, மற்ற எல்லோரும் தொடங்கும் இடத்திலிருந்தே நானும் தொடங்கியதுதான் முதல் ஆண்டில் நான் செய்த பெரிய பிழை. முப்பத்திரண்டு வயதில், கல்லூரி முடித்த கையோடு வந்த பையன்களோடு காலடிச் சத்தம் வெட்டி ஒட்டும் வேலைக்குப் போட்டியிட்டேன். அவர்கள் என்னைவிட விரைவாகச் செய்தார்கள். என்னைவிடக் குறைவாகக் கூலி கேட்டார்கள். ஆய்வில் பெற்றதைக் கையோடு கொண்டுவந்து, அதற்கு யார் பணம் தருவார்கள் என்று கண்டுகொண்ட பிறகே தொழில் நிலைபெற்றது. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்த அனுபவத்தை அடியொற்றியவை.

இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள் உண்டு. ஹாலிவுட் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் கல்லூரியில் படித்தது இயற்பியல். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாள் ஒலியை, பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் மைக்கில் கிளப்பிய இரைச்சலையும் சேர்த்து அவர் உருவாக்கினார் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்து அவர் செய்த வேலை: அந்தக் கலவையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசி வீசி மறுபடியும் பதிவு செய்தார். ஒலி வரும் இடத்துக்கும் கேட்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவு மாறும்போது சுருதி ஏறி இறங்கும் என்ற டாப்ளர் விளைவு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதை வாள் வீச்சுக்குப் பொருத்தியதில்தான் அவருடைய கைத்திறன் தெரிகிறது. ஆய்விலிருந்து நேரே தொழிலுக்குப் போனதற்கு இன்னொரு சான்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் சௌனிங். ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்கும் அதிர்வெண் பண்பேற்றத்தால் ஒலி உருவாக்கும் முறையை 1967இல் கண்டடைந்த அவர், 1973இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1983இல் அதுவே யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டாகக் கடைக்கு வந்தது. கட்டுரைக்கும் கடைக்கும் இடையே பத்து ஆண்டுகள். உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்காது.

கையிருப்பைக் கணக்கெடுத்தல்

ஒரு தாளில், கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் செய்த ஆய்வுப் பணிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதைத் திரைத்துறையில் யார் காசு கொடுத்துக் கேட்பார்’ என்று எழுதிப் பாருங்கள். பேச்சு சிக்னல்களைத் தூய்மைப்படுத்தும் ஆய்வில் இருந்தவருக்கு, படப்பிடிப்புத் தளத்தில் பதிவான வசனத்திலிருந்து ஜெனரேட்டர் இரைச்சலையும் ஏசி முனகலையும் நீக்கும் வேலை உடனே பொருந்தும். அறை ஒலியியலில் இருந்தவர், டப்பிங் அறையில் பேசிய வசனத்தைக் காட்சி நடக்கும் இடத்தில் உட்கார வைப்பார். அதிர்வு, இரைச்சல் ஆய்வில் இருந்தவருக்கு வாகனங்களும் இயந்திரங்களும் வீட்டுப்பாடம் போன்றவை. தலையும் காதுமடலும் ஒலியை மாற்றும் விதத்தைச் சொல்லும் தலைசார் பரிமாற்றச் சார்புகளையும் இருகாதுக் கேட்டலையும் ஆராய்ந்தவர்கள் திரைப்படத்தைவிட விளையாட்டு, மெய்நிகர்த் தளங்களில் முதல் வேலையைத் தேடுவது நல்லது. ஏனென்றால் அங்கே நிரல் எழுதத் தெரிந்த ஒலிக்காரருக்கு மதிப்பு அதிகம். விளையாட்டில் ஒலியைப் பொருத்தப் பயன்படும் வைஸ், எஃப்மாட் ஆகிய இரண்டு மென்பொருள்களில் ஒன்றையாவது கற்றுக்கொண்டு போங்கள்.

இந்தக் கணக்கெடுப்பு எப்படிப் பணமாகிறது என்பதற்கு என் முதல் உருப்படியான வேலையையே சொல்கிறேன். தளத்திலேயே வசனத்தைப் பதிவு செய்யும் படங்களில், நடிகரின் சட்டைக்குள் ஒரு காலர் மைக்கும் தலைக்கு மேலே ஒரு பூம் மைக்கும் இருக்கும். பூம் மைக் வாயிலிருந்து மூன்று மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால், ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், அந்தக் குரல் ஏறத்தாழ 9 மில்லிநொடி பிந்தி வந்து சேரும். இரண்டு டிராக்குகளையும் சம அளவில் கூட்டினால், 57 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கி ஒவ்வொரு 114 ஹெர்ட்ஸுக்கும் ஒலிகள் ஒன்றையொன்று அழித்து ஒரு பள்ளம் விழுந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் ஒலிக்கும். அனுபவமுள்ள வசன எடிட்டர் இதைக் காதாலேயே பிடித்து, டிராக்கை நகர்த்திச் சரிசெய்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் நடிகர் திரும்புகிறார், நடக்கிறார், பூம் பிடிப்பவரும் அசைகிறார் என்பதால் அது நாட்கணக்கில் நீளும் வேலை. இரண்டு பதிவுகள் எந்த நகர்வில் மிகவும் ஒத்துப்போகின்றன என்று காட்டும், ஆய்வகத்தில் தினமும் செய்துவந்த கிராஸ் கோரிலேஷன் கணக்கை வைத்து, ஷாட் ஷாட்டாக இந்தத் தாமதத்தைக் கண்டுபிடித்து நகர்த்தும் ஒரு சிறிய பைத்தான் நிரலை எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. இதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் கடையிலும் கிடைக்கின்றன. ஆனால் அன்று அந்த எடிட்டரிடம் அது இல்லை, அவருக்கு அருகில் நான் இருந்தேன். அடுத்த படத்துக்கும் அவரே அழைத்தார்.

அளவு சரியாக இருந்தும் ஒலி பிழையாவது

ஆய்விலிருந்து வருபவருக்கு மிகவும் கடினமான பாடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு படத்தில், கல்தூண் மண்டபத்தில் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொண்டிருக்கும் காட்சி. வசனம் முழுவதும் டப்பிங் அறையில், நுரைப்பலகை ஒட்டிய நான்கு சுவர்களுக்குள் பதிவானது. மண்டபத்தின் எதிரொலிப்பைக் கணினி மென்பொருளில் இருக்கும் ஏதோ ஒரு ‘பெரிய கூடம்’ அமைப்பிலிருந்து எடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. அனுமதி பெற்று, விடியற்காலை ஐந்து மணிக்கு அதேபோன்ற ஒரு பழைய மண்டபத்துக்குப் போனேன். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ்வரை ஏறும் ஒலியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பதிவானதைத் தலைகீழ் வடிகட்டியால் சுருக்கி, அந்த இடத்தின் துடிப்பு மறுமொழியை, அதாவது கணநேர ஓசை ஒன்றுக்கு அந்த இடம் எப்படி எதிரொலிக்கும் என்பதை, பெறும் முறையை இத்தாலியின் ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் விளக்கினார். ஆய்வகத்தில் எத்தனையோ அரங்குகளில் நான் செய்து பழகியது. வௌவால்கள் படபடத்ததால் மூன்று முறை திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியைத் தூண் வரிசையின் ஒரு முனையிலும் மைக்கை எட்டு மீட்டர் தள்ளி மறுமுனையிலும் வைத்தேன். ஒலி நின்ற பின் எதிரொலி அடங்கப் பிடிக்கும் எதிரொலிப்பு நேரம், நடு அதிர்வெண்களில் மூன்று நொடிக்குச் சற்று மேல். வரைபடத்தில் தேய்வுக்கோடு நூல் பிடித்ததுபோல் நேராக விழுந்தது. இவ்வளவு அழகான அளவீட்டை எந்த அரங்கிலும் நான் எடுத்ததில்லை.

அதை வசனத்தோடு சேர்த்து இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். “சார், எல்லாம் சரிதான். ஆனா பாட்டி என்ன சொல்றாங்கன்னே எனக்குப் புரியலையே” என்றார்.

என் முதல் எண்ணம், அவருக்கு ஒலி தெரியவில்லை என்பது. இரண்டாவது நாள்தான் உண்மை உறைத்தது. நேரடி ஒலிக்குப் பின் 50 மில்லிநொடிக்குள் வந்து சேரும் எதிரொலிப்புகள் பேச்சுக்குத் துணை நிற்கும். அதற்குப் பின் வருபவை பேச்சைக் குலைக்கும். சி50 என்ற அளவையின் அடிப்படையே இதுதான். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். எட்டு மீட்டர் தொலைவில் எடுத்த அளவில் நேரடி ஒலி மெலிந்து, பின்வரும் ஒலியே ஓங்கியிருந்தது. திரையிலோ கேமரா பாட்டியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பேத்தி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தால், அதே மண்டபத்தில் பாட்டியின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். கேமரா நின்ற இடத்தில் மைக்கை வைக்காததுதான் என் பிழை.

சரிசெய்த விதம் இது. தொடக்க எதிரொலிப்புகளில் முதல் 50 மில்லிநொடியை அப்படியே வைத்துக்கொண்டேன். அதற்குப் பிந்திய வாலை 8 டெசிபெல் தாழ்த்தி, நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் முழு வாலுக்குள் போகும்படி அளவை ஏற்றி இறக்கினேன். வசனம் ஓடும்போது மண்டபம் பின்வாங்குகிறது. பாட்டி பேச்சை நிறுத்தும் இடைவெளிகளில் கல்லும் உயரமும் காதுக்கு வருகின்றன. பார்வையாளருக்கு மூன்று நொடி மண்டபமாகவே அது தோன்றியது. அன்றிலிருந்து எந்தக் காட்சியை எடுத்தாலும் முதலில் ஒரு தாளில் எழுதுவது, ‘இங்கே யாருடைய காது, எவ்வளவு தொலைவில்’ என்பதைத்தான்.

காதையும் கையையும் பழக்குதல்

ஆய்வாளரின் காது கூர்மையானதாக இருக்கலாம். கை பெரும்பாலும் மெதுவானது. இதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை: வாரம் ஒரு நிமிடக் காட்சியை, அதன் ஒலியை முழுவதும் நீக்கிவிட்டு, ஆம்பியன்ஸ் எனும் சூழல் ஒலி முதல் வளையல் சத்தம்வரை புதிதாக அமைக்க வேண்டும். மற்றவர்களின் படத்தை எடுக்காமல் நண்பர்களின் குறும்படத்தையோ நீங்களே கைபேசியில் எடுத்ததையோ பயன்படுத்தினால், பிறகு அதை வெளியே காட்டுவதில் சிக்கல் இருக்காது. ஆறு மாதம் செய்தால் இருபத்து நான்கு நிமிடம் சேரும். அதில் நல்ல மூன்று நிமிடங்கள் இருந்தால் அதுவே உங்கள் அறிமுகச் சீட்டு. எல்லா ஒலிகளையும் ஒன்றுசேர்க்கும் சென்னையின் மிக்ஸிங் தியேட்டர்களில் புரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள்தான் பொது மொழி என்பதால் அதைக் கட்டாயம் கற்க வேண்டும். வீட்டில் பழகுவதற்கும் நிரல் எழுதி வேலையைச் சுருக்குவதற்கும் ரீப்பர் மென்பொருள் சிக்கனமானது.

அறையைச் சீரமைப்பதில் ஆய்வாளருக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. மிக்ஸிங் தியேட்டரில், டிஜிட்டல் உச்ச அளவுக்கு மைனஸ் 20 டெசிபெல் அளவுள்ள, எல்லா ஸ்தாயிகளிலும் சம ஆற்றல் கொண்ட பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சலை ஓடவிட்டால், திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் கேட்கும் இடத்தில் காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய, சி எடையிட்ட 85 டெசிபெல் தர வேண்டும் என்பது வழக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதே அளவில் உட்கார்ந்தால் மாலைக்குள் தலை வலிக்கும். 76 முதல் 79 வரை போதும். எண் எதுவானாலும் அதை மாற்றாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். அளவு குறையும்போது தாழ் ஒலிகளைக் காது கூடுதலாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டிவிட்டார்கள். இரவில் வீட்டார் தூங்குகிறார்கள் என்று அளவைக் குறைத்து மிக்ஸ் செய்துவிட்டு, காலையில் தியேட்டரில் இடி முழக்கம் நாற்காலியை உலுக்குவதைக் கண்டு திகைத்தவர்களில் நானும் ஒருவன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லிநொடி. ஒலி, படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார் என்றும், பிந்தினால் 125 மில்லிநொடிவரை உணரமாட்டார் என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. இடிக்கு முன் மின்னலைக் கண்டே பழகியவர்கள் நாம். ஆகவே கதவு சாத்தும் ஒலியைச் சற்றுப் பின்னால் வைத்தால் மன்னிப்பு உண்டு, முன்னால் வைத்தால் இல்லை.

சொந்த ஒலிச் சேகரம்

விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளில் நியூயார்க் போலீஸ் சைரன் நூறு விதமாக இருக்கும். மாவு அரைக்கும் கிரைண்டரும், பொங்கல் பானை பொங்கும் ஒலியும், பின்னோக்கி வரும் மினி பஸ்ஸுக்கு நடத்துநர் அடிக்கும் விசிலும் கிடைப்பது அரிது. இந்த வெற்றிடம் நமக்குச் சாதகம். நான் வாரத்தில் அரை நாளை இதற்கென்றே ஒதுக்குகிறேன்.

எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு விசைத்தறியைச் சொல்லலாம். ஈரோட்டுப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் பன்னிரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று பதிவு செய்தால் கிடைப்பது மழை பெய்வதுபோன்ற ஓர் இரைச்சல். அதைத் திரையில் போட்டால் தறி என்று யாரும் நம்பமாட்டார்கள். முதலில் கூடத்தின் பொதுவான ஒலியைப் பத்து நிமிடம் எடுத்தேன். பிறகு ஒரே ஒரு தறி மட்டும் ஓட, அதன் இரும்புச் சட்டத்தில், பொருளின் அதிர்வையே பிடிக்கும் கான்டாக்ட் மைக்கை ஒட்டியும், நாடா வந்து மோதும் பெட்டியின் அருகே ஒரு சிறு மைக்கை வைத்தும் எடுத்தேன். மதிய உணவு வேளையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தறிக்கார அண்ணனிடம் கேட்டு, தறியைக் கையாலேயே மெதுவாக ஓட்டச் சொல்லி ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். இதுதான் பிறகு அதிகம் பயன்பட்டது. காட்சியில் தறி மெல்ல நின்றுபோகும் ஒரு தருணத்தை அந்தத் தனி அடிகளைக் கொண்டுதான் அமைக்க முடிந்தது. 32 பிட் ஃபுளோட் முறையில் பதிவு செய்யும் சிறு கருவி இருந்தால், தறி திடீரென்று அலறும்போது பதிவு சிதைந்துவிடுமோ என்ற கவலை பெருமளவு குறையும். மைக் தாங்காவிட்டால் அதற்குக் கருவி பொறுப்பாகாது.

சுருதியை இறக்கிப் பயன்படுத்த நினைக்கும் ஒலிகளை 192 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1,92,000 மாதிரிகளாக, எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடவிட்டால் இரண்டு ஸ்தாயி இறங்கும், நீளம் நான்கு மடங்காகும். ஆனால் மேல் ஒலிகள் மங்காமல் இருக்க வேண்டுமானால், 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கக்கூடிய மைக் வேண்டும். இல்லையென்றால் வெறும் கோப்பின் கனம்தான் கூடும். ஒவ்வொரு கோப்புக்கும் அன்றிரவே பெயர் வையுங்கள்: பொருள், செயல், இடம், மைக், தொலைவு. ஆய்வுக் குறிப்பேடு எழுதிப் பழகியவருக்கு இது சிரமமில்லை. பெயரில்லாத நூறு கோப்புகளைவிடப் பெயருள்ள பத்து மேல்.

வேலையை விடும் முன்

பணியில் இருக்கும்போது நீங்கள் எழுதிய நிரலும் பதிவு செய்த தரவும் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தம். பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அரசு நிறுவனமாக இருந்தால் பகுதிநேர வேலைக்கே முன் அனுமதி தேவைப்படும்; எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஆய்வகத்தில் பதிவு செய்த பறவை ஒலிகளை ஒரு விளம்பரப் படத்தில் பயன்படுத்திவிட்டு, பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டே மூன்று மாதம் கழித்தார். முறையைக் கொண்டுவாருங்கள், கோப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். தேவையான நிரலை வீட்டில், சொந்தக் கணினியில், முதலிலிருந்து எழுதுங்கள்.

எப்போது விடுவது என்ற கேள்விக்கு என் பதில்: ஒரே வாடிக்கையாளர் இரண்டாம் முறை தாமாக அழைத்த பிறகு. முதல் முறை அழைப்பவர் ஆர்வத்தால் அழைக்கலாம், நட்பால் அழைக்கலாம். ஓராண்டுக் குடும்பச் செலவு கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் போதும் என்று சொல்பவர்கள், படம் வெளியான பிறகே வந்துசேரும் கடைசித் தவணையைக் கண்டதில்லை.

கோடம்பாக்கத்தின் சொற்கள்

புத்தகத்தில் படித்த சொல்லும் இங்கே புழங்கும் சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அயல்நாட்டு நூல்களில் ரீரெக்கார்டிங் என்றால் எல்லா டிராக்குகளையும் ஒன்றுசேர்க்கும் இறுதி மிக்ஸ், இங்கே ஆர்.ஆர். என்றால் பின்னணி இசை. முதல் கூட்டத்தில் “ஆர்.ஆர். எப்போ முடியும்” என்று தயாரிப்பு மேலாளர் கேட்க, என் வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு தேதியைச் சொன்னேன், இசையமைப்பாளரின் உதவியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டப்பிங்குக்கு வழிகாட்டியாகத் தளத்தில் எடுத்துவைக்கும் குறைதரப் பதிவு பைலட் டிராக். எஃபெக்ட்ஸ் என்று இங்கே சொல்வது ஒலி வடிவமைப்பின் பெரும்பகுதியைக் குறிக்கும். எடிட்டிங் முடிந்து லாக் ஆகிவிட்டது என்று சொல்லப்படும் படம் குறைந்தது இரண்டு முறையாவது மறுபடியும் திறக்கப்படும். அதற்கேற்ப டிராக்குகளை மாற்றியமைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தே தேதி கொடுங்கள்.

முதல் வேலைகளுக்குத் தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்கள் ஆகியவற்றின் மாணவர்களை அணுகலாம். அவர்களிடம் பணம் இருக்காது. ஆனால் பத்தாண்டில் அவர்களே இயக்குநர்கள். பெரிய திரைப்படங்களில் பெயரோடு வேலை செய்ய, திரைத்துறைத் தொழிலாளர்களின் ஃபெப்சி கூட்டமைப்பில் அடங்கிய ஒலிப்பதிவாளர் சங்கத்தின் உறுப்பினர் நிபந்தனைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆவணப்படம், விளம்பரம், ஒலி நூல், அருங்காட்சியகக் காட்சிக்கூடம் ஆகியவற்றில் ஆய்வுப் பின்னணிக்குக் கிடைக்கும் மரியாதை சற்றுக் கூடுதல் என்பது என் அனுபவம்.

பணமும் ஒப்பந்தமும்

ஒரு நிறுவனத்துக்கு நான் செய்த முதல் இணையத் தொடருக்கு ஒப்பந்தமே இல்லை. பேச்சில் முடிந்தது. ஆறு பகுதிகள் என்று சொன்னது எட்டாயிற்று, ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை திருத்தப்பட்டது, கடைசித் தவணை வரவேயில்லை. ஆய்வில் நிதிக் கோரிக்கை எழுதும்போது எவ்வளவு கறாராக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது. அந்தக் கறாரை இங்கேயும் கொண்டுவாருங்கள். எத்தனை நிமிடம், எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு, லாக் செய்த பிறகு படம் மாறினால் நாள் கணக்கில் எவ்வளவு என்பவை ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். முன்பணம் வந்த பிறகு, எங்கெங்கே என்ன ஒலி என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யும் ஸ்பாட்டிங், முதல் மிக்ஸுக்கு முன் இரண்டாம் தவணை, வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று பிரித்த தனித்தனி ஸ்டெம்களைக் கையளிக்கும் முன் மீதி. கேட்டுப் பார்ப்பதற்கு ஒன்றாகச் சேர்த்த ஒரே கோப்பைக் கொடுங்கள்; ஸ்டெம் என்பது வீட்டுச் சாவி.

உரிமை பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். பதிப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். தயாரிப்பாளர்கள் காலவரையின்றி, உலகம் முழுவதற்கும் என்று கேட்பது இயல்பு. அந்தப் படத்துக்காகவே செய்ததை அப்படிக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் சேகரத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்திய தறியும் கிரைண்டரும் உங்களுக்கே சொந்தம், அந்தப் படத்தில் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று ஒரு வரி சேர்க்கத் தவறாதீர்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்திட்டால், சொந்தமாகப் பதிவு செய்த ஒலியை அடுத்த படத்தில் பயன்படுத்தவே யோசிக்க வேண்டியிருக்கும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு தேவை, வரிப் பிடித்தங்களைச் சரிபார்க்க ஒரு கணக்காளரை முதல் ஆண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பு

இங்கே அளவுக்கருவி மீண்டும் உங்கள் பக்கம் வருகிறது. ஒளிபரப்புக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த ஆர்128 விதி, நிகழ்ச்சியின் சராசரி உரப்பு, அதாவது காதுக்குத் தோன்றும் ஒலியளவு, டிஜிட்டல் உச்சத்தை ஒட்டி அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். அலகில் மைனஸ் 23 இருக்க வேண்டும் என்கிறது. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை மட்டும் அளந்து, மைனஸ் 27, அதில் கூடக்குறைய 2 என்ற வரம்பையும், உச்சம் மைனஸ் 2 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பதையும் கேட்கிறது. எட்டுப் பகுதித் தொடரில் ஒவ்வொரு கோப்பையும் கையால் அளக்காமல், எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் அளந்து அட்டவணையாகத் தரும் நிரலை எழுதிவைத்துக்கொண்டால், திருப்பி அனுப்பப்படும் கோப்புகள் வெகுவாகக் குறையும். நான் அந்த அட்டவணையையும் கோப்புகளோடு அனுப்பிவிடுவேன். தரச் சோதனை செய்பவர் அதைப் படிக்கிறாரா என்பது வேறு கதை.

நிரல் கண்டுபிடிக்காத ஒரு குறையும் உண்டு. தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று மொழி மாற்றும் படங்களுக்கு, வசனம் நீக்கிய இசையும் ஒலியும் அடங்கிய எம் அண்ட் ஈ டிராக்கைத் தனியே தர வேண்டும். தளத்தில் பதிவான வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த காலடியும், சேலை உரசலும், டம்ளர் வைத்த ஓசையும் வசனத்தை எடுத்ததும் கூடவே போய்விடும். தமிழில் கேட்கும்போது எல்லாம் நிறைவாக இருக்கும். ஹைதராபாத்தில் டப்பிங் செய்யும்போதுதான் நாயகன் தரையைத் தொடாமல் நடப்பது தெரியவரும். ஆகவே ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பும் முந்தைய நாள், வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், அந்த டிராக்கை மட்டும் படத்தோடு முதல் ஃபிரேமிலிருந்து கடைசிவரை ஹெட்போனில் கேட்டு, வெறுமையாக இருக்கும் ஒவ்வோர் இடத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றிரவே நிரப்பிவிடுங்கள்.